வலது கால் மட்டும்

பூரணி என்ன வேலைக்குப் பழகுகிறாள் என்று மஸ்கெலியாவில் அவளுடைய தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. நர்ஸ் வேலை இல்லை. மருந்துக்கடை வேலையும் இல்லை. நுவரெலியா டவுனில் ஒரு கிளினிக்கில், ஆட்கள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை என்று அவளுடைய அம்மா லெட்சுமி சொன்னால், கேட்கிறவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

"எங்க காம்பராவுக்கு வரச்சொல்லு லெட்சுமி. மூணு ஆம்பளைங்க தூங்குறாங்க. ஆசை தீரப் பாத்துட்டுப் போகட்டும்."

"நாம மலையில கண்ணசந்தா ஏச்சு. ஒம் மகளுக்கு அடுத்தவன் கண்ணசந்தாத்தான் சம்பளமாமே!"

லெட்சுமியும் சேர்ந்து சிரிப்பாள். பெற்றவளுக்கே பாதிதான் விளங்கியிருந்தது, பாவம்.

உங்களுக்கு நான் விளங்கும்படி சொல்லிவிடுகிறேன். சில பேருக்குக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்து, தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கினவர் மாதிரி ஓர் இழுப்பு இழுத்து மறுபடி வரும். இப்படியே நின்று நின்று வரும். தூங்குகிறவருக்கு அது தெரியாது. எழும்பும்போது மூட்டை சுமந்த மாதிரி உடம்பு வலிக்கும், நின்ற இடத்தில் கண் சொருகும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவரைக் கட்டிலில் படுக்கவைத்து, தலையிலும் நெஞ்சிலும் காலிலும் வயர்களை ஒட்டி, மூளை எப்போது தூங்குகிறது, மூச்சு எங்கே நிற்கிறது, இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு இறங்குகிறது என்று பக்கத்து அறையில் கணினியில் கோடு கோடாகப் பதிய வேண்டும். அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் டொக்டர் வைத்தியம் சொல்லுவார். கோடு தவறினால் வைத்தியமும் தவறும். அந்தப் பதிகிற வேலைதான் பூரணி பழகியது.

பழக்கிவிட்டவன் நிரஞ்சன். ஹட்டன் பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை. கடையில் உட்காரச் சொன்னபோது முடியாது என்று ஓடிவந்தவன், இங்கே வந்தும் உட்கார்ந்துகொண்டேதான் இருக்கிறான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். வேலையில் மட்டும் கறார். பூரணியின் பழகும் காலம் முடிகிற வாரத்தில் அவன் சொன்னான்:

"நாளைக்கு வாறவர நீயே பதியணும் தங்கச்சி. தொடக்கத்தில இருந்து கடைசி வரைக்கும். நான் கீழ மருந்துக்கட்டுற அறையில இருப்பேன். பதிவு நல்லா வந்தா வேல ஒனக்கு. வராட்டி கொழும்பில படிச்சு முடிச்ச ஒருத்தர எடுக்கப்போறாங்க. டொக்டர் வெட்டொண்ணு துண்டு ரெண்டுன்னு சொல்லிட்டாங்க."

பூரணி அன்றைக்குச் சாப்பிடவில்லை. தங்கியிருந்த அறையில் வயர்களின் நிறத்தையும் இடத்தையும் முணுமுணுத்துக்கொண்டே கிடந்தாள்.

வந்தவர் பெரியதம்பி. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை பெக்டரியில் இரவு வேலை. கொழுந்து உருட்டுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே தூங்கிச் சரிந்தவரை, கூட வேலை செய்கிறவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் தோட்டத்து டொக்டர் இங்கே அனுப்பினார். இரவு வேலைக்காரருக்குப் பகல்தான் தூங்குகிற நேரம், அதனால் பதிவும் பகலில்தான். காலை பஸ்ஸில் மனைவி மனோரஞ்சிதத்தோடு வந்து இறங்கினார். மனோரஞ்சிதம் கொழுந்தெடுத்த பெண்தான். சின்ன மகள் பிறந்ததோடு முழங்கால் கெட்டு வேலையை விட்டுவிட்டாள். கையில் ஒரு பை, பையில் வரும் வழியில் சந்தையில் வாங்கின வெள்ளைப்பூண்டு.

பெரியதம்பியின் தலையைப் பார்த்ததும் பூரணிக்கு அழுகை வந்தது. எண்ணெய் மினுமினு என்று வழிந்தது. எண்ணெய்த் தலையில் வயர் ஒட்டாது.

"தலைக்கு எண்ணெ வைக்காம வரச்சொல்லி போன்ல சொன்னேனே அண்ணே?"

மனோரஞ்சிதம் முன்னால் வந்தாள். "டவுனுக்கு வாற மனுசன பரட்டத் தலையோட கூட்டிக்கிட்டு வரச்சொல்றீங்களா மிஸ்ஸி? பாக்கிறவங்க அவரயா ஏசுவாங்க? என்னையத்தான்."

ஒன்றும் செய்ய முடியாது. பூரணி அவரைக் குனியவைத்து ஷாம்பு போட்டு இரண்டு தரம் தேய்த்துக் கழுவினாள்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து, இவரு தலைய இன்னொருத்தி கழுவி இன்னைக்குத்தான் பாக்கிறேன்," என்றாள் மனோரஞ்சிதம்.

"சும்மா இரு மனோ. கண்ணுல நொர போகுது," என்றார் குனிந்திருந்தவர்.

"மிஸ்ஸி எந்த ஊரு?"

"மஸ்கெலியா அக்கா. தோட்டந்தான். அம்மா இன்னும் கொழுந்தெடுக்கிறாங்க."

"அட! அத மொதல்ல சொல்றதில்லையா புள்ள?" என்று அவள் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மிஸ்ஸி அதோடு போய்ப் புள்ள வந்துவிட்டது.

வயர்கள் நன்றாக ஒட்டின. தலையில், கண்ணோரம், தாடையில், இரண்டு கெண்டைக்கால் ஓரத்திலும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பட்டி, மூக்கில் மெல்லிய குழாய், விரல் நுனியில் ஒட்சிசன் பார்க்கிற கிளிப். பூரணி பக்கத்து அறைக்குப் போய், ஒலிபெருக்கியில், கண்ணை மூடுங்கள், திறவுங்கள், இந்தக் காலை ஆட்டுங்கள், அந்தக் காலை ஆட்டுங்கள் என்று சொல்லச் சொல்ல, கணினியில் கோடுகள் சொன்னபடி துள்ளின. விளக்கை அணைத்தாள். கனத்த திரை போட்ட அறை கும்மிருட்டானது.

அவர் தூங்கவில்லை. புரண்டார். இருமினார். நெடுநேரம் கழித்து ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தது.

"புள்ள, இங்க காதுக்குள்ள என்னமோ மாதிரி இருக்கு. ஒரு சத்தமும் இல்லியே. செத்துப்போன மாதிரி இருக்கு."

பூரணிக்கு விளங்கிவிட்டது. லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு விளங்காமல் போகுமா? பகலில் தூங்குகிற மனிதருக்குப் பக்கத்துக் காம்பராவின் ரேடியோ வேண்டும். பீலியடியில் தண்ணீர்க் குடத்துக்குச் சண்டை நடக்க வேண்டும். அடுப்படியில் மனைவி யாரையாவது ஏசிக்கொண்டிருக்க வேண்டும். பூரணி முதன்முதலில் டவுனில் தனி அறையில் படுத்தபோது, அந்த அமைதியில் அவளுக்கும் அப்படித்தான் இருந்தது, விடிய விடிய விழித்திருந்தாள்.

தூங்குகிறவரின் அறைக்குள் வேறு ஆளை விடக்கூடாது. அது விதி. கீழே போய் நிரஞ்சனைக் கேட்டிருக்கலாம். கேட்டால் தனியாகச் செய்ததாகுமா என்று அவளுக்குப் பயம். நேரமும் போய்க்கொண்டிருந்தது. தூங்காதவரைப் பதிந்து என்ன காட்டுவது?

கட்டிலின் கால்மாட்டில், துணித் தட்டிக்குப் பின்னால் ஒரு கதிரையைப் போட்டு, வெளியே பெஞ்சில் காத்திருந்த மனோரஞ்சிதத்தைக் கூட்டிவந்தாள். "அக்கா, இங்க ஒக்காந்துக்கிங்க. அவரத் தொடக்கூடாது. எழுப்பக்கூடாது. சும்மா நீங்க இருக்கிற சத்தம் கேட்டாப் போதும்."

"சும்மா ஒக்காரத் தெரியாதே எனக்கு," என்று மனோரஞ்சிதம் பூண்டுப் பையையும் எடுத்துக்கொண்டு போனாள். பூண்டு உரிக்கிற சரசரப்பும், யாரோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி வாய்க்குள் ஏசுகிற முணுமுணுப்பும் கேட்கத் தொடங்கின. பூரணி தன் நாற்காலிக்குத் திரும்புவதற்குள் பெரியதம்பி குறட்டை விட்டார்.

அதற்குப் பிறகு வந்த கோடுகள் எவ்வளவு அழகு! ஒரு வயர் கழலவில்லை, ஒரு கோடு மங்கவில்லை. ஆனால் பூரணி எதிர்பார்த்தது வரவில்லை. குறட்டை ஏறும், மூச்சுக்கோடு மெலிந்துகொண்டே போகும், இதோ நிற்கப்போகிறது என்று அவள் குனியும்போது வலது கால் வெடுக்கென்று துள்ளும். துள்ளினதும் மூளை அரைகுறையாக விழிக்கும், மூச்சு வந்துவிடும். மறுபடி குறட்டை. மறுபடி கால். பத்து எண்ணுகிற அளவாவது மூச்சு நின்றால்தான் அதை நின்றதாகச் சேர்க்கலாம். இவருக்கு அதுவரைக்கும் போகவேயில்லை. ஒட்சிசனும் இறங்கவில்லை. இடது கால் கட்டை மாதிரிக் கிடந்தது. வலது கால் மட்டும்.

பின்னேரம் நிரஞ்சன் மேலே வந்து பார்த்தான். தலையை ஆட்டி ஆட்டி ரசித்தான்.

"கண்ணாடி மாதிரி இருக்கு பதிவு. இவருக்கு மூச்சுல ஒண்ணும் இல்ல தங்கச்சி, கால் துடிக்கிற வியாதி. அதான் தூக்கத்தைக் கெடுக்குது. டொக்டர் காலுக்கு மாத்திரை எழுதுவாங்க. நீ பாஸ்."

"ஏண்ணா வலது கால் மட்டும்?"

"இடது காலுக்கு லீவு." சிரித்துவிட்டுத் திரும்பவும் கோட்டைப் பார்த்தான். "சில பேருக்கு அப்படியும் இருக்கும். போ, போய் வயரைக் கழட்டு. அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் குடு, ஒனக்கு வேல வாங்கிக் குடுத்த மனுசன்."

பூரணிக்கு நடப்பதே தெரியவில்லை, அவ்வளவு லேசாக இருந்தது. திரையை விலக்கி வெளிச்சம் விட்டாள். தலை வயர்களைக் கழற்றினாள், நெஞ்சுப் பட்டியைக் கழற்றினாள், போர்வையை ஒதுக்கிக் காலுக்கு வந்தாள். இடது காலில் அவள் ஒட்டியது அப்படியே இருந்தது. வலது காலிலும் இருந்தது. அதோடு பெருவிரலில் இன்னொன்று இருந்தது. வெள்ளை நிறம். வயர் இல்லை. பாவாடை நாடா.

விரலில் ஒரு சுருக்கு. அங்கிருந்து போர்வைக்கு அடியில் ஓடி, கட்டில் கம்பிக்குக் கீழே இறங்கி, துணித் தட்டிக்குப் பின்னால் போயிற்று. பூரணி அதைப் பிடித்துக்கொண்டே போனாள். மறு நுனி மனோரஞ்சிதத்தின் சுட்டுவிரலில் சுற்றியிருந்தது. மடியில் உரித்த பூண்டு மலையாகக் குவிந்திருந்தது.

"என்னக்கா இது?"

"நாடா."

"தொடக்கூடாதுன்னு சொன்னேனேக்கா?"

"நான் எங்க தொட்டேன்? இந்த எடத்த விட்டு அசையல." மனோரஞ்சிதம் நாடாவைச் சுருட்டினாள். "நீ இத்தன வயர் கட்டினியே புள்ள, நான் ஒண்ணு கட்டினா என்ன?"

"எதுக்குக் கட்டினீங்க?"

"எதுக்கா? மூச்சு நிக்கப் போகுதில்ல. ஒரு வெட்டு வெட்டினா வந்துரும். வீட்டுல அவரு முன் காம்பராவுல படுப்பாரு, நான் அடுப்படியில இருப்பேன். நாடாவ இடுப்புல சொருகிக்குவேன். அரிசி களையிறப்ப பல்லுல கடிச்சுக்குவேன். கொறட்டை மெலியிறது காதுக்குத் தெரியும், ஒடன ஒரு இழுப்பு."

"எத்தன நாளா?"

"சின்ன மக பொறந்ததுலேருந்து. இப்ப அவளுக்கே கலியாணம் பேசுறோம்."

பூரணி பெரியதம்பியைப் பார்த்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து, ஈரத் துண்டால் நெற்றிப் பசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"என்னத்த சொல்றது புள்ள? அது எப்பவும் இருக்கிறதுதானே," என்றார். "இருட்டுல இவ சுருக்குப் போட வந்தப்ப நானே கால நீட்டிட்டேன்."

சிரிக்கத்தான் வேண்டும். பூரணிக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் கழற்றின வயர்களோடு அப்படியே நின்றாள். நாடாவைப் பற்றி அந்த மூன்று பேருக்குத்தான் தெரியும். நிரஞ்சன் நல்ல பதிவு என்று சொல்லிவிட்டான். அவள் வாயை மூடிக்கொண்டால் வேலை அவளுக்கு. பெரியதம்பிக்குக் கால் மாத்திரை கிடைக்கும், அதை விழுங்கிவிட்டு அவர் மறுபடி அந்த மெஷினுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். மனோரஞ்சிதம் நாடாவைப் பிடித்துக்கொண்டே கிழவியாகிவிடுவாள்.

வயர்களைக் கட்டிலில் போட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்ச் சொன்னாள்.

நிரஞ்சன் முதலில் நம்பவில்லை. நம்பினதும் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். தோள் குலுங்கச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"உள்ள விட்டது யாரு?"

"நான்தாண்ணா. அவருக்குத் தூக்கம் வரல. உங்களக் கேக்காம விட்டேன்."

"அப்ப இந்தப் பதிவு ஒன்னோட பரீட்சைக்கு உதவாது, தெரியுமா?"

"தெரியும்."

அவன் கொஞ்ச நேரம் பேனையை உருட்டினான். "டொக்டருக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு. நான் பக்கத்தில நிக்கிறேன். ஆனா ஒனக்காக வாய் தொறக்க மாட்டேன்."

டொக்டர் கண்டியில் இருந்தார். சிங்களத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாளைக்குப் படுக்கை காலியா என்று மட்டும் கேட்டார். காலி. அப்படியானால் அவரை மறுபடி பதி, நாடா இல்லாமல், அறைக்குள் ஆள் இல்லாமல், நான் நாளைப் பின்னேரம் வந்து இரண்டையும் பார்க்கிறேன், உன் விஷயத்தை அப்போது சொல்கிறேன் என்றார். போன் வைக்கப்பட்டது.

இதைப் போய்ச் சொன்னபோது மனோரஞ்சிதம் எழுந்தே விட்டாள்.

"முடியாது மிஸ்ஸி." புள்ள போய் மிஸ்ஸி திரும்பி வந்துவிட்டது. "அங்க அவருக்கு மூச்சு நிக்கும், நான் வெளியில குந்திக்கிட்டு வேடிக்கை பாக்கணுமா? நாங்க ஊருக்குப் போறோம். எந்திரிங்க நீங்க."

"நான் என்ன அவ்ளோ மோசமாவா இருக்கேன்?" என்றார் பெரியதம்பி.

"ஒங்களுக்கு என்ன தெரியும்? நீங்கதான் தூங்குறீங்களே!"

பூரணி அவளைப் பிடித்து உட்காரவைத்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "வெளியில வேணாம்க்கா. எங்கூட உள்ள வாங்க, பக்கத்து ரூமுக்கு. நான் என்ன பாக்கிறேனோ அதையே நீங்களும் பாருங்க. ஒட்சிசன்னு ஒரு எண் ஓடும். இந்த எண்ணுக்குக் கீழ போனா ஓடிப்போய் எழுப்பணும்னு எனக்கு ஓர் அளவு இருக்கு. அத உங்களுக்கும் காட்டுறேன். அது வந்திச்சுன்னா நாம ரெண்டு பேரும் ஓடுவோம்."

மனோரஞ்சிதம் புருஷனைப் பார்த்தாள். அவர் அந்த நாடாவை எடுத்து, பிள்ளையின் ரிப்பனைச் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டி அவள் பைக்குள் போட்டார்.

"ஒரு நாளைக்குத்தானே மனோ," என்றார்.

அன்றிரவு டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் தூக்கம் வர வேண்டுமே என்று அவர் கதைபேசிக்கொண்டு விழித்திருந்தார். எங்கே கண்ணயர்ந்துவிடுவாரோ என்று அவளும் விழித்திருந்தாள்.

மறுநாள் வயர்கள் ஒட்டியாயிற்று. இருட்டில் அவர் தனியாகக் கிடந்தார். பழையபடி அந்த அமைதி. புரண்டார். பூரணி யோசித்தாள். ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தி, மைக்கை மனோரஞ்சிதத்தின் பக்கம் திருப்பினாள்.

"பேசுங்கக்கா."

"என்னத்தப் பேசுறது, இந்த மெஷின்ல?"

"வீட்டுல பேசுறதத்தான்."

மனோரஞ்சிதம் மைக்கைச் சந்தேகமாகப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். "இந்தாங்க... கேக்குதா? வர்றப்ப அந்த சிவசாமி வீட்டுக் கோழியப் பாத்தீங்களா? நம்ம கீரைப் பாத்தியிலதான் நின்னிச்சு. நான் கதவப் பூட்டுறதுல கண்ணா இருந்தேன், நீங்க பாத்திட்டே நின்னீங்க. ஒரு சூ சொல்ல வாய் வரல ஒங்களுக்கு. ரெண்டு நாள்ல பாத்தி மொட்டையா இருக்கும், பாருங்க. அப்பறம் கீரை எங்கன்னு கேட்டுக்கிட்டு வாங்க, அன்னைக்கு இருக்கு..." குரல் தானாகத் தாழ்ந்து, ஓட்டமெடுத்து, வீட்டு அடுப்படிக்கே போய்விட்டது. நிரஞ்சன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே நடந்தான். கோழியிலிருந்து கோழிக்காரியின் மருமகளுக்கு ஏச்சு போய்ச் சேர்வதற்குள் மூளைக்கோடு தளர்ந்தது. பெரியதம்பி தூங்கிவிட்டார்.

பூரணி மைக்கை நிறுத்தினாள்.

குறட்டை ஏறியது. மூச்சுக்கோடு மெலிந்தது. மனோரஞ்சிதத்துக்குக் கோடு வாசிக்கத் தெரியாது, ஆனால் அந்த மெலிவு அவளுக்குப் பார்த்த உடனே தெரிந்தது. சுட்டுவிரல் வெறும் காற்றில் ஒரு வெட்டு வெட்டியது.

கோடு படுத்தது.

"புள்ள!"

"பொறுங்கக்கா. எண்ணப் பாருங்க."

எண் இறங்கத் தொடங்கியது. நெஞ்சுப் பட்டியின் கோடு மட்டும், அடைத்த கதவைத் தள்ளுகிற மாதிரி, ஏறி ஏறி விழுந்தது. காற்று வரவில்லை. மனோரஞ்சிதம் பாதி எழும்பிவிட்டாள். பூரணி அவள் கையைப் பிடித்தாள். எண் இன்னும் இறங்கியது. ஓட வேண்டிய அளவுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. அந்தக் கொஞ்சத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் மூச்சைப் பிடித்திருந்தார்கள்.

பெரும் இழுப்பு ஒன்று ஒலிபெருக்கியில் கேட்டது. கோடு துள்ளி எழுந்தது. எண் ஏறியது.

மனோரஞ்சிதம் கதிரையில் விழுந்தாள். "வந்திருச்சு," என்றாள். "வந்திருச்சு புள்ள."

மறுபடி நின்றது. மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் விரல் காற்றை இழுத்தது. நேரம் போகப் போக இழுப்பது குறைந்தது. பிறகு, கணினித் திரையைப் பார்த்தபடியே, யாரிடமும் கேட்காத மாதிரிக் கேட்டாள்:

"நான் இழுக்காட்டியும் வருதே."

பூரணி அவள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப இத்தன வருசமும்..." என்று தொடங்கி மனோரஞ்சிதம் நிறுத்திவிட்டாள். முகம் அழுகிற முகம் இல்லை. கொழுந்து நிறுக்கிற இடத்துக்குக் கூடையைக் கொண்டுவந்த பிறகு, தராசு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவளின் முகம்.

சும்மா ஆறுதலுக்கு எதையாவது சொல்லப் பூரணிக்கு மனம் வரவில்லை. அவள் நேற்றைய பதிவைத் திறந்து, இன்றைக்குரியதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, இது நேத்து. இந்த எண்ணோட கோட்டப் பாருங்க. ரோட்டு மாதிரி நேராப் போகுதா? இது இன்னைக்கு. பள்ளம் பள்ளமா இருக்கா? மூச்சு தானா வருதுதான். ஆனா இந்தப் பள்ளத்துக்குள்ள விழுந்து எழும்பித்தான் வருது. ஒவ்வொரு பள்ளமும் நெஞ்சுக்குக் கெடுதி. நேத்து அவரு ஒரு பள்ளத்திலகூட விழல."

மனோரஞ்சிதம் இரண்டையும் பார்த்தாள். கிட்டப் போய், நேராகப் போன கோட்டில் விரலை வைத்துக் கொஞ்ச தூரம் தடவினாள்.

"இது நான் இழுத்ததா?"

"நீங்க இழுத்தது."

"கோணாமத்தான் போயிருக்கு," என்றாள்.

டொக்டர் பின்னேரம் வந்தார். இரண்டு பதிவையும் நின்றபடியே பார்த்து, பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார். நேற்றைய பதிவை அழிக்க வேண்டாம், இரண்டையும் ஒன்றாக வைக்கச் சொன்னார். பெரியதம்பிக்கு, தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்திக் கொடுத்துத் தொண்டையைத் திறந்துவைக்கிற மெஷின் வேண்டும் என்றார். அதைப் பொருத்திப் பார்க்க ஒருநாள் வர வேண்டும். அதுவரைக்கும் உருட்டுகிற மெஷின் பக்கம் அவரை நிறுத்த வேண்டாம் என்று தோட்டத்துக்குக் கடிதம் கொடுத்தார்.

பிறகு பூரணியை நிறுத்திவைத்தார்.

"கேட்காமல் ஆளை உள்ளே விட்டாய். அது பிழை."

"ஓம் டொக்டர்."

"தூங்குவதற்கு அவருக்கு என்ன பழக்கம் என்று விளங்கிக்கொண்டாய். அவர் தூங்கும்போது அந்த அம்மா என்ன செய்வார் என்று கேட்கவில்லை. இனிமேல் கேள்."

"ஓம்."

அவர் திரையில் ஒரு பள்ளத்தைக் காட்டினார். அன்றைய பதிவிலேயே ஆழமானது. "இந்த இடத்தில் ஏன் அறைக்குள் போகவில்லை?"

"எண் அந்த அளவுக்கு வரல டொக்டர். வந்திருந்தா போயிருப்பேன். கதவப் பூட்டாமத்தான் வச்சிருந்தேன்."

"பயமாக இருக்கவில்லையா?"

"இருந்திச்சு. அக்கா கையப் புடிச்சுக்கிட்டேன். அவங்க பயத்துக்கும் என் பயத்துக்கும் சேத்து."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிரஞ்சன் சுவரோடு சுவராக, சொன்ன வாக்குப்படி வாயைத் திறக்காமல் நின்றான். "வெலிமடையிலிருந்து ஒருவர் வருகிறார், திங்கட்கிழமை," என்றார் டொக்டர் அவனைப் பார்த்து. "இந்தப் பிள்ளையே வயர் போடட்டும். கொழும்புக்கு நான் சொல்லிவிடுகிறேன், ஆள் தேவையில்லை என்று."

நிரஞ்சன் அப்போதுதான் மூச்சு விட்டான்.

பூரணிக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது அம்மாவுக்கில்லை. ஓடினாள். வெளியே நீள பெஞ்சில் மனோரஞ்சிதம், பையைத் தலைக்கு வைத்து, சேலையைக் காதுவரை இழுத்துப் போர்த்துக்கொண்டு கிடந்தாள். பெரியதம்பி பெஞ்சின் ஓரத்தில், விழுந்துவிடுகிறவர் மாதிரி, துளி இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் தலையில் இன்னும் பசை ஒட்டியிருந்தது. கீழே உடப்புசல்லாவை பஸ்ஸின் கொண்டக்டர் கூவிக் கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பஸ்..."

அவர் உதட்டில் விரலை வைத்தார். மனைவியைக் காட்டினார்.

"அடுத்ததுல போறோம் புள்ள," என்றார், சத்தமே வராமல்.

பஸ் போயிற்று. பூரணி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பழகின பழக்கம், கண் தானாகச் சேலையின் ஏற்ற இறக்கத்துக்குப் போனது. ஏறியது, இறங்கியது. ஒரே சீராக இருந்தது.